உலைக்களம் முதல் கம்பிச் சுருள் வரை

இரும்பைத் தாதுவிலிருந்து பிரித்தெடுப்பது ஒரு கலை. உடைந்துபோன இரும்பை மீண்டும் ஒன்றாக்குவது மற்றொரு கலை. முன்னதைப் பற்றி வரலாற்று நூல்கள் நிரம்பப் பேசுகின்றன. பின்னதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும், ஒரு சிற்றூரின் வாழ்வை நாள்தோறும் தாங்கி நிற்பது இந்த இரண்டாவது கலையேயாகும். மண்வெட்டி முறிந்தால் தோட்டம் நிற்கும். இறைப்பு இயந்திரத்தின் தாங்கி பிளந்தால் பயிர் வாடும். அவ்வேளையில் உழவன் தேடிச் செல்வது இரும்பு விற்பவனையன்று, இரும்பை ஒட்டத் தெரிந்தவனையே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில அமைப்பைக் கருதுவோர்க்கு இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. அங்கே வற்றாத ஆறுகள் இல்லை; இரும்புத் தாதும் இல்லை. வலிகாமம் கிழக்கிலே பலாலி வீதியை அடுத்துக் கிடக்கும் உரும்பிராயை எடுத்துக்கொள்வோம். செம்மண் தரை, ஆழ்ந்த கிணறுகள், வெங்காயமும் மரவள்ளியும் வாழையும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள். அந்த மண்ணைக் கொத்திய மண்வெட்டியும், பாறையைப் பிளந்து கிணறு தோண்டிய அலவாங்கும், பனை சீவிய கத்தியும் எல்லாம் வெளியிலிருந்து வந்த இரும்பினாலேயே ஆனவை. தன் நிலத்திற் கிடைக்காத பொருளை மனிதன் எளிதில் வீசியெறிவதில்லை. ஆகவே, ஒடிந்ததை ஒட்டிப் பயன்கொள்ளும் பழக்கம் அவ்வூர்களில் தேவையினாற் பிறந்து வழக்கமாக நிலைத்தது.

இன்று அவ்வூர்களிற் பல வீடுகளிலே, ஒரு கையால் தூக்கக்கூடிய சிறிய ஒட்டு இயந்திரம் காணப்படுகிறது. நூல்வழக்கிற் 'காய்ச்சி இணைத்தல்' என்றும், பட்டறை வழக்கில் 'வெல்டிங்' என்றும் வழங்கும் தொழிலை அது செய்கிறது. அதனுள்ளே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால், கம்பி தானே முன்வந்து உருகி இரும்பை இணைக்கும். ஆனால், சில நாட்களிலேயே கம்பி விக்கி விக்கி வருகிறது. அல்லது உள்ளேயே சிக்குண்டு நின்றுவிடுகிறது. 'இயந்திரம் பழுதாகிவிட்டது' என்று அதனை மூலையில் வைத்துவிடுவோர் பலர். உண்மையிலே பழுதானது இயந்திரமா? இவ்வினாவுக்கு விடை காண, இத்தொழில் கடந்து வந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

மின்சாரம் தோன்றுவதற்கு முன்னர் இரும்பை ஒட்டும் வழி ஒன்றே. இரண்டு துண்டுகளையும் உலையில் இட்டு, துருத்தியால் ஊதி, வெண்மை தோன்றும் அளவுக்குக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். இடையிலே கறள் புகாதிருக்க மணலையோ வெண்காரத்தையோ தூவுவர். அது உருகிக் கசடைக் கரைத்துக்கொண்டு வெளியே வழியும். இரும்பு இரும்போடு நேரே சேரும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. சூடு குறைந்தால் ஒட்டாது. மிகுந்தால் இரும்பே எரிந்துபோகும். உலையிலிருந்து அடைகல்லுக்கு வரும் சில நொடிகளுக்குள் முதல் அடி விழுந்தாக வேண்டும்.

இம்முறையின் பெருமைக்குச் சான்று கூற நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. தில்லியில் நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 7 மீற்றர் உயரமும் 6 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. குப்த மன்னர் காலத்தது. அது வார்த்தெடுக்கப்பட்டதன்று, இரும்புக் கட்டிகளை ஒன்றோடொன்று காய்ச்சி அடித்து இணைத்து உருவாக்கப்பட்டது. தமிழ் நாட்டிலே, தஞ்சைக் கோட்டையின் கிழக்குப் பக்கத்தில், பீரங்கி மேட்டில் கிடக்கும் பெரும் பீரங்கியும் அத்தகையதே. 17 ஆம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் அது செய்யப்பட்டது. நீண்ட இரும்புப் பட்டைகள் 43 ஐ வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் 94 இரும்பு வளையங்களை இறுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். 7 மீற்றருக்கு மேல் நீளமுள்ள ஒரு பொருளைத் துருத்தியும் சம்மட்டியும் கொண்டு ஒன்றாக்கிய அக்கொல்லர்களின் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? அரசன் பெயரே எஞ்சியிருக்கிறது.

அந்தப் பழைய முறையிலே ஒன்றை நாம் உற்று நோக்குதல் வேண்டும். கொல்லனின் வெற்றி தீயின் வலிமையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. துருத்தி ஊதுபவன் ஓரிடத்தில் தயங்கினால் தீ தாழும். சம்மட்டி அடிப்பவன் ஒரு கணம் தாமதித்தால் இரும்பு ஆறும். காற்றும் அடியும் இடையறாது, சீராக வந்துகொண்டிருக்க வேண்டும். ஒட்டின் உரம் நெருப்பில் இருப்பதினும் மிகுதியாக, நெருப்புக்கு ஊட்டப்படுவது தடையின்றி வருவதிலேயே இருக்கிறது. இந்த விதி கம்மாலையிலிருந்து இன்றைய கம்பிச் சுருள் வரை மாறவேயில்லை. மாறியது, அந்த ஊட்டத்தை நடத்தும் கை ஒன்றே.

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் இக்கதையிற் புகுந்தது. 1802 ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் வசீலி பெத்ரோவ், இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து கண்ணைப் பறிக்கும் ஒளியாக எரிவதைக் கண்டு எழுதினார். இங்கிலாந்திலே ஹம்பிரி டேவியும் அதனைக் காட்டினார். வில்போல வளைந்து எரிந்தமையால் அதற்கு 'மின்வில்' என்று பெயர். நெடுங்காலம் அது ஒரு வியப்புக் காட்சியாகவும் விளக்காகவுமே இருந்தது. அந்த வெப்பத்தால் உலோகத்தை இணைக்கலாம் என்று 1881 ஆம் ஆண்டளவிற் செய்து காட்டியவர் நிக்கலாய் பெனார்டோசு. கிரேக்கரின் கொல்லத் தெய்வத்தின் பெயரைச் சேர்த்துத் தம் முறைக்கு அவர் பெயரிட்டார். அவரும் ஒல்செவ்சுக்கி என்பவரும் 1885 ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர்.

பெனார்டோசின் முறையிலே கரிக்கோல் தீயை மட்டும் தந்தது. நிரப்புவதற்குரிய உலோகத்தை மற்றொரு கையாற் கொடுக்க வேண்டியிருந்தது. 1888 ஆம் ஆண்டில் அதே நாட்டைச் சேர்ந்த நிக்கலாய் சிலாவியானோவ் கரிக்கோலை நீக்கினார். உலோகக் கோலையே மின்வாயாக்கினார். தீயைத் தரும் கோலே உருகி இடைவெளியை நிரப்பியது. இது பெரிய முன்னேற்றம். ஆனால், அதனோடு ஒரு புதிய தொல்லையும் பிறந்தது. கோல் உருகுந்தோறும் குறுகும்; குறுகுந்தோறும் தீ நீளும்; மிக நீண்டால் அணைந்துபோகும். ஆகவே, கோலை அது உருகும் அதே வேகத்தில் முன்னே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியூட்டத்தின் வரலாறு இவ்விடத்தே தொடங்குகிறது.

வெறும் உலோகக் கோலால் இட்ட ஒட்டு, காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொய்ந்துபோனது. சுவீடன் நாட்டின் கொத்தன்பேர்க் நகரிற் கப்பற் கொதிகலங்களைப் பழுதுபார்த்துவந்த ஒசுக்கார் செல்பேர்க் என்பவர், கோலின்மேற் கனிப்பொருட் பூச்சு ஒன்றை இட்டார். 1907 ஆம் ஆண்டளவில் அது உரிமை பெற்றது. பூச்சு எரிந்து புகையாகிக் காற்றைத் தடுத்தது. கசடாகி ஒட்டை மூடியது. கொல்லன் தூவிய வெண்காரம் செய்த வேலையை இப்பூச்சு செய்தது எனலாம். 1920 ஆம் ஆண்டில், தறையாணி எதுவுமின்றி முழுவதும் மின்வில்லால் ஒட்டப்பட்ட 'புல்லகார்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் துறையிலிருந்து கடலில் இறங்கியது.

இந்தப் பூச்சுக் கோலே நம் நாட்டுப் பட்டறைகளிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அதனைக் கையாளுபவனின் திறமை எதில் இருந்தது? ஏறத்தாழ 35 சதமமீற்றர் நீளமுள்ள கோல், ஒரு நிமிட அளவில் எரிந்து கட்டையாகிவிடும். அந்த ஒரு நிமிடமும் கையைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கிக்கொண்டே, பக்கவாட்டிலும் நகர வேண்டும். இறக்கம் பிந்தினால் தீ நீண்டு சிதறும். முந்தினால் கோல் இரும்போடு பற்றிக்கொள்ளும். இதனைப் பழகுவதற்கு மாதங்கள் பிடிக்கும். புதியவன் கோல் ஒட்டிக்கொள்வதை, பழகிய கை ஓசையைக் கேட்டே தவிர்த்துவிடும். ஊட்டம் இன்னும் மனிதக் கையிலேயே இருந்தது.

குடாநாட்டிலே 1950 களிலிருந்து இறைப்பு இயந்திரங்கள் பெருகின. துலா மிதித்த கால்கள் ஓய்ந்தன. பட்டையும் துலாக்கொடியும் மெல்ல மறைந்தன. கிணற்றடியில் இரும்பு பெருகியது: இயந்திரத்தின் தாங்கி, குழாய், தொட்டி, பின்னாளில் இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பெட்டியும். ஓலைப் படலை இருந்த வாசலில் இரும்புக் கேற் வந்தது. பழைய கம்மாலை காய்ச்சி அடித்துச் செய்யமுடியாத ஒட்டுக்கள் இவை. மெல்லிய குழாயையும் தகட்டையும் சம்மட்டி கொண்டு இணைத்தல் எங்ஙனம்? எனவே, மின்வில் ஊர்ச் சந்திகளிற் குடியேறியது.

அந்த மின்வில்லும் எப்போதும் எரிந்ததன்று. 1990 களிற் குடாநாடு மின்வழங்கல் இழந்து இருண்டது. எரிபொருள், சீமெந்து, மின்கலம் ஆகியவற்றின் வரவும் தடைப்பட்டது. மிதிவண்டியின் சிறு மின்பிறப்பாக்கியைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. நேயர் பலர்க்கு அது நினைவிருக்கும். வானொலிக்கு அந்தச் சிறு மின் போதும். இரும்பை உருக்க அது போதுமோ? புதிய இரும்பு வாராத காலத்தில், பழைய இரும்பை ஒட்டும் வழியும் குறுகிற்று. போர் முடிந்த பின்னர், 2013 ஆம் ஆண்டளவிற் குடாநாடு மீண்டும் தேசிய மின்வலையத்தோடு இணைந்தது. அதன்பின் வந்த காலத்திலேயே சிறிய கம்பியூட்டும் இயந்திரங்கள் வீடுகளுக்குள் நுழையலாயின. அவ்வியந்திரம் பிறந்த வரலாறோ இதற்கு மிக முற்பட்டது.

1920 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஓ. நோபெல் என்பவர், சுருளிலிருந்து வெறுங் கம்பியை இயந்திரமே ஊட்டும் முறையை அமைத்தார். தீயின் மின்னழுத்தம் ஏறினால் கம்பி விரைந்து வரும். இறங்கினால் மெல்ல வரும். தேய்ந்த தண்டுகளையும் சில்லுகளையும் நிரப்பிப் புதுப்பிக்க அது பயன்பட்டது. மனிதக் கையின் இறக்கத்தை உருளை ஒன்று ஏற்றுக்கொண்ட முதற் காலங்களுள் இதுவும் ஒன்று.

1948 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பற்றெல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்றைய முறை உருப்பெற்றது. மெல்லிய கம்பி, அதனைச் சூழ்ந்து காக்கும் வாயு, மாறாத மின்னழுத்தம் தரும் மின்மூலம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன. தொடக்கத்தில் ஆகன் போன்ற விலையுயர்ந்த வாயுக்களே வேண்டியிருந்தன. 1953 ஆம் ஆண்டில் சோவியத்து அறிஞர் இலியுபாவ்சுக்கியும் நோவோசிலோவும் மலிவான காபனீரொட்சைட்டைப் பயன்படுத்திக் காட்டினர். அப்பத்தாண்டின் இறுதியில், மெல்லிய கம்பி இரும்பைத் தொட்டுத் தொட்டு விலகி உருகும் முறை வந்தது. ஒரு நொடிக்குள் அது பல பத்து முறை தொட்டு விலகும். இதனால் மெல்லிய தகட்டையும் துளைபடாமல் ஒட்ட முடிந்தது. அதே காலத்தில், நடுவே மருந்துத்தூள் அடைக்கப்பட்ட கம்பியும் வெளிவந்தது. அதற்கு வாயுக் கலம் வேண்டுவதில்லை. இன்று வீடுகளில் உள்ள சிறு இயந்திரங்கள் பெரும்பாலும் இவ்விரு வகையின் வழித்தோன்றல்களே.

மாறாத மின்னழுத்தம் என்பதன் நுட்பத்தை ஒருவாறு விளங்கிக்கொள்ளல் வேண்டும். இம்முறையிற் கம்பி ஒரே வேகத்தில் வருகிறது. தீ சற்று நீண்டால் மின்னோட்டம் குறையும். குறைந்தால் கம்பி மெல்ல உருகும். வரும் கம்பி முந்திக்கொள்ள, தீ மீண்டும் குறுகும். தீ மிகக் குறுகினால் மின்னோட்டம் கூடும். கம்பி விரைந்து உருகி, தீ பழைய அளவுக்கு நீளும். இவ்வாறு தீ தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. முன்பு பழகிய கையும் கூரிய காதும் செய்த வேலை இது. ஆனால், இந்தத் திருத்தம் முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: கம்பி ஒரே வேகத்தில் வரும் என்பதே அந்நம்பிக்கை. கம்பி தடுமாறினால், தீயாற் செய்யக்கூடியது யாதுமில்லை. துருத்தி தயங்கினால் உலை என்ன செய்யும்?

கம்பி செல்லும் வழி எவ்வளவு நீண்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 0.8 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள உருக்குக் கம்பி ஒரு கிலோகிராம் சுருளில் ஏறத்தாழ 250 மீற்றர் நீளத்துக்கு இருக்கும். தையல் நூலினும் சிறிதே தடித்த அக்கம்பியை, நிமிடத்துக்கு 5 மீற்றர் அளவில், வளைந்து கிடக்கும் குழலினூடே தள்ளிக்கொண்டு போகவேண்டும். கயிற்றை இழுப்பது எளிது, தள்ளுவது எளிதன்று. இந்தச் சிறு இயந்திரங்கள் கம்பியைத் தள்ளுகின்றன. வழியிற் சிறு தடை இருந்தாலும் கம்பி வளையும், மடியும், சிக்கும். தீயிலே தோன்றும் குறைகளுட் பல, உண்மையில் வழியிலே பிறந்த குறைகளே.

எனவே, குறையைத் தேடுபவன் கம்பி புறப்படும் இடத்திலிருந்து அது முடியும் இடம்வரை அதனோடு கூடவே நடந்து செல்ல வேண்டும். அதற்கு முன்னர் இயந்திரத்தின் மின்தொடர்பை நீக்கிவிடுதல் முதற் கடமை.

முதலாவது, சுருள். சுருள் தாங்கியிலே தடுப்புத் திருகு ஒன்று உண்டு. அது மிக இறுகினால் சுருள் பாரமாகச் சுழலும், உருளை வழுக்கும். மிகத் தளர்ந்தால், விசையை விட்ட பின்னும் சுருள் ஓடிக் கம்பியை அவிழ்த்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கும். விசையை விட்டவுடன் சுருளும் நிற்கும் அளவே தக்க அளவு. கம்பியின் மேற்பரப்பையும் நோக்க வேண்டும். குடாநாட்டில் எவ்வூருக்கும் கடல் வெகு தூரத்தில் இல்லை. உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் கம்பியிற் கறளை உண்டாக்கும். உரும்பிராய் போன்ற ஊர்களிற் கோடையிலே எழும் செம்மண் தூசியும் அதன்மேற் படியும். கறளும் தூசியும் கம்பியோடு உள்ளே போய்க் குழலை அடைக்கும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, ஈரம் புகாத பையிலே கட்டி வைப்பது சிறு வேலைதான். அதனால் வரும் நன்மை பெரிது.

இரண்டாவது, உருளை. உருளையின் பள்ளம் கம்பியின் தடிப்புக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். 0.8 மில்லிமீற்றர்க் கம்பியை அதனிலும் அகன்ற பள்ளத்தில் ஓடவிட்டால் பிடி இராது. திண்ணிய உருக்குக் கம்பிக்குக் கூர்ப் பள்ளமும், மென்மையான அலுமினியக் கம்பிக்கு வட்டப் பள்ளமும், மருந்துத்தூள் அடைத்த கம்பிக்கு அரம்போன்ற பற்களையுடைய பள்ளமும் பொருந்தும். பின் உருளையை அழுத்தும் வில்லைக் கருதுக. கம்பி வழுக்குகிறதென்று கண்டவுடன் திருகை மேன்மேலும் இறுக்குவது பலரும் செய்யும் தவறு. இறுக்கம் மிகுந்தால் கம்பி நசுங்கும். நசுங்கிய கம்பி முனைத் துளையிற் புகாது. முன்னே வழி அடைபட்ட நிலையிலும் உருளை விடாது தள்ளினால், நூற்கண்டு சிக்குண்டதுபோலக் கம்பி உருளையடியிலே குவிந்துவிடும். வழியிற் பெருந்தடை வந்தால் உருளை சற்று வழுக்கி விட்டுக்கொடுக்க வேண்டும். பழைய கொல்லன் குறட்டைப் பிடித்த பிடியும் அத்தகையதே: நழுவாத பிடி, ஆனால் நசுக்காத பிடி.

மூன்றாவது, குழல். இயந்திரத்திலிருந்து கைப்பிடி வரை கம்பியை வழிநடத்தும் உட்குழலைப் பட்டறையில் 'லைனர்' என்பர். உருக்குக் கம்பிக்கு அது பெரும்பாலும் நெருக்கமாகச் சுற்றிய சுருட்கம்பியால் ஆனது. தூசியும் கம்பியிலிருந்து உதிரும் பொடியும் அதனுள்ளே தங்கும். அழுத்தக் காற்றால் ஊதித் துப்புரவு செய்யலாம். மிகத் தேய்ந்தால் மாற்றுவதே வழி. குழலை முறுக்கியோ சிறு வட்டமாகச் சுருட்டியோ வைத்துக்கொண்டு வேலை செய்தல் ஆகாது. நேராக நீட்டிய மாத்திரத்திலே 'பழுது' நீங்கிய இயந்திரங்கள் எத்தனையோ!

நான்காவது, முனை. கம்பி வெளிவரும் செம்பு முனையைப் பட்டறைகளில் 'ரிப்' என்பர். கம்பியின் தடிப்பு அதன்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பிக்கு மின்னோட்டம் கிடைப்பது இச்சிறு துளையில் உராயும்போதுதான். துளை தேய்ந்து நீள்வட்டமானால் தொடர்பு விட்டுவிட்டு வரும், தீ துடிக்கும். தெறித்த பொறிகள் துளையை அடைத்தால் கம்பி நிற்கும். நின்ற கம்பி பின்னோக்கி உருகி முனையோடு பற்றிக்கொள்ளும். முனை மிகச் சிறிய பொருள், விலையும் சிறிதே. அதனை மாற்றத் தயங்கி, பெரிய இயந்திரத்தைக் குறைகூறுதல் நியாயமன்று.

இவற்றுள் எது குறை என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முனையை மட்டும் கழற்றிவிட்டுக் கம்பியை ஓடவிட்டுப் பார்க்கலாம். இதற்கு மின் வேண்டுமாதலால், 'ஏர்த்' கவ்வியை இரும்பிலிருந்து எடுத்துவிட்டு, கைப்பிடியை எவ்வுலோகத்திலும் படாமலும் எவர் முகத்தை நோக்காமலும் பிடித்தல் வேண்டும். கம்பி சீராக வந்தால் குறை முனையில் இருந்தது. வாராவிட்டால், மீண்டும் மின்தொடர்பை நீக்கி, உருளையின் அழுத்தத்தைத் தளர்த்தி, கம்பியைக் கையால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கனமாக வந்தால் குறை குழலிலோ சுருளிலோ இருக்கிறது. சுருளைத் தனியே கையாற் சுழற்றினால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். எளிதாக வந்தால், குறை உருளையின் பள்ளத்திலோ பிடியிலோ உண்டு. நான்கு இடங்களையும் பார்த்த பின்னும் தீ துடித்தால், 'ஏர்த்' கவ்வி கறளின்மேலோ பூச்சின்மேலோ கடிக்கிறதா என்று நோக்கலாம். இயந்திரத்தின் உட்புற மின்பாகங்கள் இவற்றுக்கெல்லாம் பின்னரே ஐயத்துக்கு உரியவை. அவற்றைத் திறத்தல் அத்தொழில் கற்றவர் வேலை.

ஒரு கம்பி தடைப்படுவதைப் பற்றி இத்துணை விரிவாகப் பேசுதல் வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஒட்டு என்பது கண்ணை ஏமாற்றும் பொருள் என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது. கம்பி விக்கி வந்தபோது இட்ட ஒட்டு, மேலே மணிமணியாக அழகாகத் தோன்றலாம். உள்ளே இரும்போடு இரும்பு சேராதிருக்கலாம். அரத்தால் தேய்த்துப் பூச்சும் பூசிவிட்டால், அக்குறையை எவரும் காணமாட்டார். கிணற்றின்மேல் இட்ட இரும்புக் கம்பிவலை, உயரத்தில் நீர்த்தொட்டியைச் சுமக்கும் தாங்கி, பிள்ளையைப் பின்னே ஏற்றிச் செல்லும் மிதிவண்டி ஆகிய இவையெல்லாம் அவ்வொட்டை நம்பியே நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது இது பெரிய அளவிலே உணரப்பட்டது. தறையாணிக்குப் பதிலாக ஒட்டு முறையால், 1941 முதல் 1945 வரை, அமெரிக்கா 2,700 க்கு மேற்பட்ட 'லிபேட்டி' கப்பல்களைக் கட்டியது. அவ்விரைவு போரின் போக்கையே மாற்ற உதவியது. ஆனால், 1943 சனவரி 16 ஆம் நாள், 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், ஒறிகன் மாநிலத்தின் போட்லண்ட் துறையில், அமைதியான நீரிலே நின்றபடியே நடுவில் இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொய்ந்துபோகும் உருக்கு, கூரிய மூலைகளையுடைய அமைப்பு, குறையுள்ள ஒட்டு ஆகியவை ஒன்றுசேர்ந்ததே இத்தகைய விபத்துக்களுக்குக் காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். தறையாணி இட்ட கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டோடு நிற்கக்கூடும். ஒட்டிய கப்பல் முழுவதும் ஒரே உடல். ஆகவே, வெடிப்பு தடையின்றி ஓடியது. ஒன்றாக்கும் கலைக்கு இப்படியும் ஒரு கடமை உண்டு என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

பண்டு இக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. துருத்தி ஊதுவதிலே தொடங்கி, ஆண்டுகள் பல கழித்தே குறடு கைக்கு வரும். அக்காலத்துக்குள் சூட்டின் நிறமும் அடியின் ஓசையும் அவன் உடலிற் படிந்துவிடும். இன்றைய சிறு இயந்திரம், அந்தக் கைப்பழக்கத்திற் பெரும் பகுதியைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. சாதியாலும் குடியாலும் ஒரு சிலர்க்கே உரியதாயிருந்த தொழிலை, கற்க விரும்பும் எவர்க்கும் அது திறந்துவிட்டது. இது பாராட்டத்தக்க மாறுதல். எனினும், கை இயந்திரத்துள் ஒளிந்துகொண்டதேயன்றி மறைந்துபோகவில்லை. உருளையே விரல், வில்லே பிடி, குழலே நீட்டிய கை, சுருளின் தடுப்பே நிதானம். முன்னே கை தளர்ந்தால் கொல்லன் தானே அதனை உணர்ந்தான். இன்றோ, இயந்திரத்தின் 'கை' தளர்ந்ததை மனிதன் தேடி அறிய வேண்டியிருக்கிறது. பழைய தொழிலுக்குப் பழக்கம் வேண்டியிருந்தது. புதிய தொழிலுக்குக் காரணம் அறியும் அறிவு வேண்டியிருக்கிறது.

மின்வில்லின் ஒளியை வெறுங்கண்ணால் நோக்குதல் எக்காலத்தும் ஆகாது. நாகம் பூசிய தகட்டை ஒட்டும்போது எழும் புகையும் நஞ்சேயாகும். காற்றோட்டமான இடமே தக்கது. ஈரத் தரையிலும் ஈர உடையோடும் இவ்வேலையைத் தொடங்கலாகாது. வீட்டுக்குள் வந்துவிட்ட கருவி என்பதனால் அது விளையாட்டுப் பொருளாகிவிடாது.

தஞ்சைப் பீரங்கியை ஒட்டிய கொல்லர்கள் நானூறு ஆண்டுகளாகியும் பிரியாத இணைப்பை விட்டுச் சென்றனர். அவர்களுடைய துருத்தி தயங்கியிருந்தால் அது நிலைத்திராது. உரும்பிராயின் ஒரு வீட்டு முற்றத்திலே, கிணற்றுத் தாங்கியை ஒட்ட அமரும் இளைஞனுக்கும் அதே விதிதான். தீயைக் கூட்டுவதற்கு முன்னர், தீக்குச் செல்லும் வழியைத் துப்புரவு செய்ய வேண்டும். வழி சீராயின் கம்பி சீராகும். கம்பி சீராயின் தீ சீராகும். தீ சீராயின், ஒட்டும் உறுதியாகும்.